தத்தித் தத்திப் போன கோல்

“நடு மைதானத்துல நின்னவன், கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள கோல் வாசல்ல நிக்கிறான்! என்ன, ரெக்க கட்டிக்கிட்டானா?”

“ரெக்கையும் இல்ல ஒண்ணும் இல்ல, இபு. வீடியோ விக்குது. அவ்ளோதான்.”

“விக்குதாம்ல! யாராச்சும் அந்த வீடியோவுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்க!”

மாவில் முக்கிய வாழைப்பழம் கையில் இருக்க, நான் எழுந்து நின்றுவிட்டேன். என் பலகாரத் தள்ளுவண்டி நிற்கும் இடத்திலிருந்து எதிர்வீட்டு வாசல் தெளிவாகத் தெரியும். வண்டியை அங்கே நிறுத்தியது அதற்காக அல்ல, நிழலுக்காக. இருந்தாலும் தெரியும்.

வாசலில் கத்திக்கொண்டிருந்தவள் இபு எர்தே. எர்தே என்பது இந்தோனேசியாவின் சலாதிகா ஊரில் எங்கள் சந்துக்குத் தலைவர் பதவி. சம்பளம் கிடையாது, தலைவலி உண்டு. பதவி பாக் சுமித்ரோவுக்கு, அதிகாரம் அவர் மனைவிக்கு. பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா; அதனால் அவரை பாக் எர்தே என்றும் அவளை இபு எர்தே என்றும் கூப்பிடுகிறோம். அவளுடைய சொந்தப் பெயர் என்னவென்று யோசித்துப் பார்த்தால் எனக்கே சட்டென்று வரவில்லை.

படியில் கீழே நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் வெனிங். சந்து முனையில் கோ சியோங் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் கல்லாவில் உட்காருகிற பெண். பையன்கள் விளையாட வந்தால் நேரம் போடுவாள், மவுஸ் செத்தால் மாற்றுவாள், எவனாவது கெட்ட வார்த்தை பேசினால் அவன் கம்ப்யூட்டரை இருந்த இடத்திலிருந்தே அணைத்துவிடுவாள். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கேதான் தூக்கம். வேலை போனால் அறையும் போகும்.

அன்றைக்கு அவளுடைய வேலைதான் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஒரு கோலினால்.

ஆகஸ்டு பதினேழு சுதந்திர நாளுக்கு எங்கள் சந்தில் வருடா வருடம் போட்டி நடக்கும். சாக்கு ஓட்டம், கயிற்றில் தொங்குகிற குருபுக் அப்பளத்தைக் கை படாமல் கடிப்பது, எண்ணெய் தடவிய மரத்தில் ஏறி வழுக்கி விழுவது. இந்த வருடம் இளசுகள் பிடிவாதம் பிடித்து கம்ப்யூட்டர் கால்பந்தையும் சேர்த்துவிட்டார்கள். ஜெயிப்பவர் எங்கள் பகுதி சார்பாகப் பெரிய போட்டிக்குப் போகலாம். பைனலில் ஒரு பக்கம் வெனிங். இன்னொரு பக்கம் பிமோ, எர்தே தம்பதியின் ஒரே மகன், மீசை வைத்துப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சிரைத்துவிட்ட வயது. இரண்டுக்கு ஒன்று என்று வெனிங் ஜெயித்தாள். சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் சந்தே உட்கார்ந்து பார்த்தது. நானும் பார்த்தேன். அவள் ஆட்டக்காரன் ஓடினான், இரண்டு பேரைத் தாண்டினான், உதைத்தான், கோல். இபு எர்தேயும்தான் பார்த்தாள். மகன் தோற்றதற்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாளே தவிர, அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வினையைத் தேடிப் போனவள் வெனிங்தான். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்திருந்தாள். மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் ஆடுகிற இரண்டு பேர் முகமும் தெரிகிற மாதிரி. அதை ஒரு பென் டிரைவில் போட்டு இபு எர்தேயிடம் கொடுத்தாள். “பிமோ நல்லா ஆடினான், இபு. ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க.” நல்ல மனசு. நல்ல மனசுக்கு எங்கள் சந்தில் என்ன மரியாதை என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இபு எர்தே வீட்டு லேப்டாப்பில் அதைப் போட்டுப் பார்த்தாள். படம் ஓடவில்லை, தத்தியது. கொஞ்சம் ஓடும், நிற்கும், குதிக்கும். வெனிங்கின் இரண்டாவது கோல் வருகிற இடத்தில் ஆட்டக்காரன் நடு மைதானத்தில் நிற்கிறான். அடுத்த நொடி பந்து வலைக்குள் கிடக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. “இது ஏதோ திருட்டு சாஃப்ட்வேர்” என்று அவள் ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க அதையே பேசியது. வேடிக்கை என்னவென்றால், நேரில் இரண்டு கண்ணால் பார்த்த நாங்கள் எல்லோரும், வீடியோவைப் பார்த்த பிறகு எங்கள் கண்ணைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டோம். “ஆமா, அன்னைக்கே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு” என்று மூன்று வீட்டுக்காரர்கள் என்னிடம் பொரித்த சோயாத் துண்டான தெம்பே வாங்க வந்தபோது சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வியாபாரம்.

கோ சியோங் காதுக்கும் போனது. அவர் சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. அதைவிட மோசம், பயந்த ஆள். “வெனிங், எனக்கு உன் மேல சந்தேகம் இல்ல. ஆனா கல்லாவுல உக்கார்ற பொண்ண ஏமாத்துக்காரின்னு ஊர் சொன்னா, நாளைக்கு எந்த அம்மா பையன கடைக்கு அனுப்புவா? ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு முடிவு தெரியட்டும். அதுக்குள்ள வேற ரூம் எதுக்கும் பாத்து வெச்சுக்கோ” என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் அவள் இபு எர்தே வீட்டுப் படிக்கு வந்து நின்றாள்.

“கடைக்கு வாங்க, இபு. பெரிய கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டறேன்.”

“உன் கடையிலயா? அங்க நீ என்ன வேணா சமைப்ப. அந்த பென் டிரைவ் என் வீட்டு வாசப்படி தாண்டாது.”

“கடைக் கம்ப்யூட்டர்லயே இன்னொரு காப்பி இருக்குமில்ல?” என்று வழியில் போன யாரோ கேட்டார்கள்.

இல்லை. அந்தக் கடைக் கம்ப்யூட்டர்களை அணைத்துப் போட்டால் முந்தின நாள் எதுவும் ஞாபகம் இருக்காது. பையன்கள் குப்பை சேர்க்காமலிருக்க கோ சியோங் செய்து வைத்த ஏற்பாடு. ஆட்டம் மிச்சமிருந்தது அந்த பென் டிரைவில் மட்டும். அது இபு எர்தேயின் ரவிக்கைக்குள் பத்திரமாக இருந்தது.

கடைசியில் பாக் எர்தே வெளியே வந்து, சாரோங்கை இறுக்கிக்கொண்டு, தன் பதவிக்கு ஏற்ற ஒரே காரியத்தைச் செய்தார்: கூட்டம் போட்டார். “ஞாயித்துக்கெழம மத்தியானம், நம்ம வீட்லயே, எல்லார் முன்னாடியும் போட்டுப் பாத்துருவோம்.”

ஞாயிறு மத்தியானம் என் வண்டியை மூடிவிட்டு, ஒரு தட்டு பலகாரத்தோடு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வெறுங்கையோடு போனால் வேடிக்கை பார்க்க வந்தேன் என்று நினைப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் பாய் விரித்த முன்னறையில் கால் வைக்க இடமில்லை. கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஜரோத் புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தான். பைனலுக்கு மைக் பிடித்து வர்ணனை செய்தவனும் அவன்தான். கோ சியோங் வாசலுக்குப் பக்கத்தில், ஓடிப்போக வசதியான இடத்தில் உட்கார்ந்திருந்தார். வெனிங் லேப்டாப் முன்னால். பிமோ ஒரு தூணுக்குப் பின்னால், தூணாகவே ஆகிவிட முடியாதா என்ற முகத்தோடு.

“சார்ஜர் எங்க சொருகட்டும், பாக்?” என்றான் ஜரோத்.

“சார்ஜர் வேணாம்ப்பா. புரொஜெக்டரே இந்த வீட்டுக்கு அதிகம். நேத்தே என் ஆபீஸ்ல லேப்டாப்புக்கு முழுசா சார்ஜ் ஏத்தி எடுத்துட்டு வந்துட்டேன்.”

இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எங்கள் சந்து வீடுகளின் மீட்டர் தாங்குவது கொஞ்சம்தான். இஸ்திரிப் பெட்டி போட வேண்டுமென்றால் பம்பை நிறுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சுவிட்ச் ‘டக்’கென்று இறங்கி வீடே இருட்டாகும். எர்தே வீட்டில் அதிலும் ஒரு கூடுதல் சட்டம். ரைஸ் குக்கரின் பிளக்கை எந்த நாளும் பிடுங்கக் கூடாது. தலைவர் வீட்டுக்கு எந்த நேரத்தில் யார் வந்தாலும் சோறு சுடச்சுட இருக்க வேண்டும் என்பது இபு எர்தேயின் கௌரவம். போன் சார்ஜ் செய்ய பாக் எர்தேயே பக்கத்து மசூதிக்குப் போவார்.

வெனிங் வீடியோவை ஓட்டினாள். தத்தியது. ஆனால் சத்தம் மட்டும் தத்தவில்லை. ஜரோத்தின் குரல் வெண்ணெய் மாதிரி ஓடியது. “கோல்! கோல்! கோல்!” என்று அவன் அலறி முடித்து, மூச்சு வாங்கி, ஸ்பான்சர் பேரெல்லாம் சொன்ன பிறகும் படத்தில் வெனிங்கின் ஆட்டக்காரன் நடு மைதானத்தில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான்.

“பாருங்க, நான் அப்பவே கணிச்சிருக்கேன்” என்றான் ஜரோத். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம்.

“பென் டிரைவ்லேர்ந்து நேரா ஓட்டறதால இருக்கலாம்” என்றாள் வெனிங். “இது ரொம்பப் பெரிய ஃபைல். லேப்டாப்புக்குள்ள காப்பி பண்ணிப் பாக்கறேன்.”

காப்பி ஆகிற நேரத்தில் சந்து தன் வைத்தியத்தை எல்லாம் கொட்டியது. பென் டிரைவின் பல்லை ரப்பரால் தேய்க்கச் சொன்னார் ஒருவர். லேப்டாப் சூடாகியிருக்கும், அடியில் ஐஸ் வை என்றார் இன்னொருவர். இபு எர்தே ஒரு ஈரத்துணி கொண்டுவந்து திரையைத் துடைத்தாள். அழுக்கு போனது, தத்தல் போகவில்லை.

காப்பி முடிந்து ஓட்டினால் அதே கதை. பின்னணியில் திறந்து கிடந்ததை எல்லாம் வெனிங் மூடினாள். பாக் எர்தே போன வருடத்திலிருந்து மூடாமல் வைத்திருந்த மீன் வளர்ப்புப் பக்கங்கள் உட்பட. வேறு ஒரு பிளேயரில் போட்டாள். அப்போதும் குதித்தது. ஆனால் அவள் ‘நிறுத்து’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்னால் ஓட்டி இன்னொரு தடவை போட்டாள். பிறகு மறுபடியும்.

“இபு, ஒண்ணு கவனிச்சீங்களா? ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல குதிக்குது. நான் ஆட்டத்துல ஏமாத்தியிருந்தா எப்பவும் ஒரே எடத்துலதான குதிக்கணும்? பதிவுல குத்தம் இல்ல. ஓடறதுலதான் குத்தம்.”

சொல்லி வாய் மூடவில்லை, திரையில் பிமோவின் கோல்கீப்பர் இடது கம்பத்திலிருந்து வலது கம்பத்துக்கு ஒரே தாவலாகப் போய் நின்றான்.

பாக் எர்தே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப நம்ம பையனும் ஏமாத்தியிருக்கானா?”

“நீங்க சும்மா இருங்க” என்றாள் அவர் மனைவி.

“ஆட்டக் கடியாரத்தையும் பாருங்க” என்று வெனிங் விடவில்லை. “எழுபத்தெட்டுலேர்ந்து எம்பதுக்குத் தாவுது. நான் நேரத்தையுமா திருடினேன்?”

“கோலையே திருடறவளுக்குக் கடியாரம் என்ன பெரிய விஷயம்? இதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கோல முழுசா, நடுவுல குதிக்காம காட்டு. காட்டினா ஒத்துக்கறேன். இல்லேன்னா கோ சியோங் என்ன பண்ணணுமோ பண்ணிக்கட்டும்.”

கோ சியோங் தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றுமில்லை.

தூணுக்குப் பின்னாலிருந்து பிமோ முதல் தடவையாக வாயைத் திறந்தான். “விடுங்கம்மா. நான் தோத்தேன். அவ நல்லா ஆடினா.”

“நீ பேசாத. உன் நல்ல மனசுதான் உன்ன இந்த நெலமையில வெச்சிருக்கு.”

வெனிங் மறுபடியும் குனிந்தாள். படத்தின் தரத்தைக் குறைத்துப் பார்த்தாள். அணைத்து மறுபடி போட்டாள். கழுத்தில் வியர்வை வழிந்தது. எனக்குப் பக்கத்திலிருந்தவள் என் காதில், “பாவம், இன்னைக்கே துணிமணியக் கட்ட வேண்டியதுதான்” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளுக்கு ஒரு பலகாரம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி லேப்டாப்பைத் தட்டினாள்.

அந்த நேரத்தில் லேப்டாப் ‘டிங்’ என்றது. திரையில் சிவப்பாக ஒரு பேட்டரிப் படம்.

“செத்துரும்” என்றான் ஜரோத். “பாக், சார்ஜர் சொருகியே ஆகணும்.”

“சொருகினா மீட்டர் எறங்கிடும்ப்பா.”

“அப்ப எதையாவது பிடுங்குங்க.”

பாக் எர்தே சுற்றும் முற்றும் பார்த்தார். ஃப்ரிட்ஜில் மீன் இருந்தது. புரொஜெக்டரைப் பிடுங்கினால் கூட்டமே எதற்கு? மிச்சமிருந்தது ஒன்றுதான். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் காட்டாத வீரத்தை நான் அன்று பார்த்தேன். மனுஷன் எழுந்து போய், கண்ணை மூடிக்கொண்டு, ரைஸ் குக்கரின் பிளக்கைப் பிடுங்கினார்.

“ஐயய்யோ, சோறு!”

“சோறு ஓடிப்போயிடாது!”

ஜரோத் அதே ஓட்டையில் சார்ஜரைச் சொருகினான். எல்லோர் கண்ணும் இபு எர்தேயின் முகத்தில் இருந்ததால் திரையை முதலில் கவனித்தது வெனிங்தான். அவள் ‘ஷ்ஷ்’ என்றாள்.

படம் ஓடியது. தத்தாமல், குதிக்காமல், பைனல் அன்று எப்படி ஓடியதோ அப்படியே.

வெனிங் ஒரு நொடி வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். “பேட்டரியில ஓடும்போது சார்ஜ மிச்சப்படுத்த இது தன்னோட வேகத்த கொறச்சுக்குது! இவ்ளோ பெரிய வீடியோவ அந்த வேகத்துல இழுக்க முடியல. கடையில எல்லாமே கரண்ட்ல ஓடற மெஷின், அதான் எனக்கு இது தோணவே இல்ல. சே!”

“அப்ப அன்னைக்கு நான் போட்டுப் பாத்தப்பவும்…” என்று இபு எர்தே ஆரம்பித்து, தன் வீட்டில் எந்த பிளக் எப்போதும் யாருக்குச் சொந்தம் என்பது நினைவுக்கு வந்து, நிறுத்திக்கொண்டாள்.

கோலுக்கு முந்தைய இடத்துக்கு வெனிங் ஓட்டினாள். வெனிங்கின் ஆட்டக்காரன் பந்தை வாங்கினான். ஓடினான். ஒருத்தனைத் தாண்டினான். இன்னொருத்தனைத் தாண்டினான். பிமோவின் கோல்கீப்பர் மட்டும் ஏனோ முன்னால் வராமல் பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றான். உதை. கோல். ஒரு அடி விடாமல் முழுசாக.

“சரியா?” என்றாள் வெனிங். “சரியா, இபு?”

இபு எர்தே பதில் சொல்வதற்குள் ஜரோத் குறுக்கிட்டான். “இருங்க, இருங்க. அந்த மூலையில என்ன அது? கொஞ்சம் பின்னாடி போ. மொகம் தெரியற கட்டத்தப் பெருசாக்கு.”

பெரிதாக்கினாள்.

சின்னக் கட்டத்தில் பிமோவின் முகம். கண்ணைச் சுருக்கி, நாக்கை ஓரமாக நீட்டி, உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருக்கிறான். வெனிங்கின் ஆட்டக்காரன் ஓட ஆரம்பித்த நேரத்தில், கட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. வளையல் போட்ட கை. விரல்களில் குழம்பில் பிசைந்த சோறும் ஒரு துண்டு தெம்பேயும். கை அவன் கண்ணுக்கு நேராக வந்து நிற்கிறது. பிமோ தலையை இந்தப் பக்கம் திருப்புகிறான், கையும் வருகிறது. அந்தப் பக்கம் திருப்புகிறான், அங்கேயும் வருகிறது. கடைசியில் வேறு வழியில்லாமல் வாயைத் திறக்கிறான். சோறு உள்ளே போகிறது. அதே நொடியில் பந்தும் உள்ளே போகிறது.

அன்று சந்தே துணித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆடுகிறவர்களை யார் பார்த்தோம்? தத்தல் வீடியோவிலோ அந்தக் கட்டமும் சேர்ந்து தத்தியதால் கை வந்ததே தெரியவில்லை.

முதலில் சிரித்தது பாக் எர்தே. பாயில் குப்புற விழுந்து சிரித்தார். பிறகு அறை முழுவதும். கோ சியோங் கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜரோத் இல்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இதோ அம்மா முன்னேறுகிறார், இடது பக்கம், வலது பக்கம், உள்ளே தள்ளிவிட்டார்!” என்று ஆரம்பித்தான்.

“அன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து பையன் பட்டினி!” என்று இபு எர்தே கத்தினாள். “பட்டினியா ஆட விடச் சொல்றீங்களா? நீங்க பெத்தவங்களா?”

“அம்மா” என்றான் பிமோ. அவ்வளவுதான் சொன்னான். காது ரெண்டும் மிளகாய்ப்பழமாகி இருந்தன.

சிரிப்பு அடங்க நேரமானது. அடங்கியதும் எல்லோரும் இபு எர்தேயைப் பார்த்தோம். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டு. சோறு, முட்டைக் குழம்பு, சாம்பால் மிளகாய்த் துவையல். வெனிங் முன்னால் வைத்தாள்.

“ஆறிடறதுக்குள்ள சாப்பிடு.” பிறகு வாசல் பக்கம் திரும்பி, எங்கள் எல்லோர் காதும் அடைக்கிற குரலில்: “கோ! இந்தப் பொண்ண கல்லாவுலேர்ந்து எழுப்பினா, இந்தச் சந்துலேர்ந்து ஒரு பையன் உன் கடப் படி ஏறமாட்டான். நான் பாத்துக்கறேன்.”

“எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும், இபு” என்றார் கோ சியோங்.

வெனிங் ஒரு வாய் சோற்றை மென்றபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன். இவள் அந்த அறையில் அதிக நாள் தங்கமாட்டாள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. இந்த மாதிரி விஷயங்களில் என் கணக்கு பெரும்பாலும் தப்பாது. கல்யாண விஷயத்தில்தான் தப்பிவிடும்.

பிமோ இரண்டு மாதத்தில் பாத்தாம் தீவில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அந்த வீடியோ சந்திலுள்ள எல்லாப் போனிலும் ஏறிவிட்ட பிறகு பாவம் அவன்தான் என்ன செய்வான்? அங்கே போன பிறகு நன்றாகத்தான் இருக்கிறானாம். கப்பல் பட்டறையில் கணக்கு எழுதும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பெண் வீட்டார் சுமாத்திராக்காரர்கள், நல்ல காரம் தின்கிறவர்கள்.

அவன் அறை காலியானதும், அந்த அறைக்கு வெனிங் குடிவந்தாள். ஆமாம், எர்தே வீட்டுக்கே. கோ சியோங் எவ்வளவோ கெஞ்சியும் கல்லாவில் மட்டும் உட்கார்ந்தாள். கடைக்குப் பின்னறையில் படுக்க அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய போட்டியில் அரையிறுதி வரைக்கும் போனாள். அதற்கு முந்தைய ஆட்டத்தில் உங்காரான் ஊர்ப் பையன் ஒருவனை நாலுக்கு ஒன்று என்று தோற்கடித்தாள். தோற்றவன் ஒரு வாரம் கழித்து எப்படி ஜெயித்தாள் என்று கேட்டுக்கொண்டு வந்தான், அடுத்த வாரமும் வந்தான், பிறகு கேள்வி எதுவும் இல்லாமலே வந்துகொண்டிருந்தான். என்னிடம் அவன் வாங்கித் தின்ற வாழைப்பழப் பலகாரத்தை வைத்தே முடிவு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கடைசிவரை மாப்பிள்ளை ஜரோத் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் எர்தே வீட்டு முற்றத்தில் நடந்தது. பெண் வீட்டுக்காரியாக நின்றவள் இபு எர்தே. வெனிங்கை உங்காரானுக்கு வண்டி ஏற்றிவிடும்போது, பெற்ற மகன் பாத்தாம் போனபோது அழாத அழுகையை அழுதாள். கோ சியோங் அடுத்த வருடம் கடையை விற்றுவிட்டு செமாராங்கில் மகளோடு போய் இருந்துவிட்டார். ஜரோத் இன்னும் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு ஊராரின் கல்யாணத்துக்குத்தான் போய்வருகிறான். யாராவது பெண் இருந்தால் என் வண்டிக்கு வந்து சொல்லுங்கள். குரல் கொஞ்சம் அதிகம், மற்றபடி நல்ல பிள்ளை.